ரயில் விபத்து யார் செயல்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், ரயில் விபத்துகளும் அவற்றுக்குச் சர்க்காருக்குள்ள பொறுப்பும் என்பதாகும். சுயமரியாதைக்காரர்கள் சாமியைப் பற்றியும், சடங்கைப் பற்றியும், ஜாதியைப் பற்றியும்தானே பேசுவார்கள், ரயிலைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம்முடைய வேலை எதற்கும் காரணம் கேட்பதுதான். மழை பெய்தால் ஏன் பெய்தது, காய்ச்சல் வந்தால் ஏன் வந்தது என்று கேட்கச் சொல்லுகிற நாம், ஒரு ராத்திரியில் 200 பேரும் 300 பேரும் நசுங்கிச் சாகும்போது மட்டும் காரணம் கேட்காமல் இருக்கலாமா? கேட்காமல் இருந்தால் நாம் பேசுகிற பகுத்தறிவுக்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

ரயில் கவிழ்ந்தது என்ற சேதி வந்தவுடன் நம் ஜனங்கள் முதலில் சொல்லுகிற வார்த்தை என்ன? "அவன் அவன் விதி" என்பதுதான். பிழைத்தவன் "சாமி காப்பாற்றினார்" என்கிறான். செத்தவனுக்கு உறவினர் "அவனுக்கு நாள் முடிந்துவிட்டது" என்று அழுகிறார்கள். காப்பாற்றிய சாமி பக்கத்துப் பெட்டியை ஏன் கைவிட்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அது போகட்டும். ஜனங்கள் விதி என்று சொல்லிக் கொள்ளுவதால் யாருக்கு லாபம் என்பதை மாத்திரம் யோசித்துப் பாருங்கள். தண்டவாளத்தைச் சோதிக்காமல் விட்டவனுக்கு லாபம். சோதிக்கப் பணம் கொடுக்காதவனுக்கு லாபம். சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டிய மந்திரிக்கு லாபம். கோவில் கணக்கைக் கேட்டால் பாபம் என்று சொல்லிப் பூசாரி தப்பித்துக் கொள்ளுவது போல, எல்லாம் அவன் செயல் என்கிற ஒரே வார்த்தையில் இத்தனை பேரும் கணக்குச் சொல்லாமல் தப்பித்துக் கொள்ளுகிறார்கள்.

ஆயுத பூஜை வந்தால் என்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். என்ஜினை நிறுத்துவது பிரேக்கா, பூசணிக்காயா? 2017-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 29-ந் தேதி ஆயுத பூஜை நாள். நாடெங்கும் யந்திரங்களுக்குப் பூஜை நடந்த அன்று காலையில்தான் பம்பாயில், எல்பின்ஸ்டன் ரோடு என்று அப்போது பெயரிருந்த ஸ்டேஷனில், குறுகலான நடைபாலத்தின் படியில் நெருக்குண்டு 23 பேர் செத்தார்கள். மழைக்கு ஒதுங்கினவர்களும், வண்டியை விட்டு இறங்கினவர்களும் ஒரே படியில் சேர்ந்தார்கள். அந்த இடத்தில் பாலம் போதாது என்பது முன்பே தெரிந்து, வேறு பாலத்துக்கு ஒப்புதலும் ஆகியிருந்தது. ஆனால் பாலம் மட்டும் வரவில்லை. அந்த 23 பேருடைய தலையெழுத்து சர்க்கார் கச்சேரியில் ஒரு தஸ்தாவேஜுக்குள் இருந்தது. அதை எழுதினது பிரமன் அல்ல, கையெழுத்துப் போட்டு மூலையில் வைத்த மனிதர்கள்.

காரணம் கண்டுபிடிக்கக் கூடியதுதான்

ரயில் விபத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023-ம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி மாலை ஒடிசாவில் பாலசோர் ஜில்லா பாஹாநகா பஜார் ஸ்டேஷனில் நடந்ததைப் பாருங்கள். சென்னைக்கு வந்து கொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர் பாதையில் போகலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் பாதை மாற்றும் முனை பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பி இருந்தது. அந்த லைனில் இரும்புத் தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. முழு வேகத்தில் வந்த வண்டி அதன்மேல் மோதிற்று. சிதறிய பெட்டிகள் எதிர்ப்பக்கம் போய்க் கொண்டிருந்த ஹவுரா வண்டியின் மேல் விழுந்தன. 290 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அடுத்த நாளே சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? தண்டவாளத்துக்கு அருகில் ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கிற படத்தைக் காட்டி, "இது மசூதி, சதி நடந்திருக்கிறது" என்று புரளி கிளப்பினார்கள். விசாரித்துப் பார்த்தால் அது மசூதியே அல்ல, கிருஷ்ணன் கோவில்! மசூதியாகவே இருந்தாலும்கூடக் கட்டடம் தண்டவாளத்தைத் திருப்பிவிடுமா? இவர்களுக்குக் காரணம் தேவையில்லை, வெறுக்க ஒரு கூட்டம்தான் தேவை.

உண்மைக் காரணத்தை ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்து எழுதினார். அந்த ஸ்டேஷனின் சிக்னல் கம்பிகளை முன்பு மாற்றி அமைத்தபோதே தவறு நேர்ந்திருந்தது, கம்பிகளின் பெயர்ச் சீட்டுகளே சரியாக இல்லை, விபத்து நாளன்று லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றுகிற வேலையில் அந்தத் தவறு உயிரைக் குடிக்கும் தவறாக ஆயிற்று என்பதே அவர் கண்டது. அவர் இன்னொன்றும் எழுதினார். 2022-ம் வருஷம் மே மாதத்தில் அதே தென்கிழக்கு ரயில்வேயில் வேறொரு ஸ்டேஷனில் இதே மாதிரித் தவறு நேர்ந்திருந்தது. அப்போதே அதைத் திருத்தியிருந்தால் பாஹாநகாவில் இந்த விபத்து நடந்திருக்காது என்பதுதான் அது. இதுவும் போதாதென்று, விபத்துக்கு 4 மாதத்துக்கு முன், 2023 பிப்ரவரியில், தென்மேற்கு ரயில்வேயின் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் மைசூர்ப் பக்கத்தில் நடந்த இதே போன்ற சம்பவத்தைக் காட்டி, இந்தச் சிக்னல் முறையில் பெரிய ஆபத்து இருக்கிறது என்று மேலிடத்துக்குக் கடிதமும் எழுதியிருந்தார்.

தோழர்களே, ஒரு தடவை எச்சரிக்கை வந்து, இரண்டாம் தடவையும் வந்து, மூன்றாம் தடவை 290 பேர் செத்தால் அதற்குப் பெயர் விதியா? ஜோசியன் சொன்னால் கல்யாணத்தை நிறுத்துகிற நாட்டில், என்ஜினீயர் சொன்னால் ஒரு கம்பியைச் சோதிக்க ஆள் இல்லை!

பழி யார் தலையில்?

விதி என்று சொல்லித் தப்ப முடியாத காலத்தில் சர்க்கார் கையாளும் இரண்டாவது தந்திரம் ஒன்று இருக்கிறது. அது எல்லோருக்கும் கீழே இருக்கிறவன் தலையில் பழியைப் போடுவது. நம் ஜாதி முறையில் மேலே இருப்பவன் செய்த தீங்குக்குக் கீழே இருப்பவனுடைய பூர்வஜன்ம பாபமே காரணம் என்று சொல்லிக் கொடுத்தார்கள் அல்லவா? அதே புத்திதான் ஆபீசுகளிலும் இருக்கிறது.

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி நம் கடலூர்ப் பக்கத்தில் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளிக்கூட வேன் மீது ரயில் மோதி 3 பிள்ளைகள் இறந்தார்கள். உடனே கேட் கீப்பர் கைதானார், வேலையும் போயிற்று. கேட்டை மூடாமல் இருந்தது குற்றமானால் அவர் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேட் எப்படிப்பட்டது என்று கேளுங்கள். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்கிறபடி இரண்டையும் பூட்டிப் பிணைக்கிற இண்டர்லாக்கிங் ஏற்பாடு அந்தக் கேட்டில் அப்போது இருக்கவில்லை. டெலிபோனில் ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் காதால் கேட்டு, அதை நம்பி ரயிலை விட்டு வந்த கேட் அது. மனிதன் தூங்குவான், மறப்பான், பொய்யும் சொல்லுவான். அப்படி அவன் தவறினாலும் உயிர் போகாமல் இருப்பதற்காகத்தானே யந்திரப் பூட்டு கண்டுபிடித்தார்கள்? அந்தப் பூட்டைப் போடாதவன் யார்? அங்கே சுரங்கப்பாதை கட்டத் தீர்மானித்தும், ஒரு வருஷமாக ஜில்லா கலெக்டர் அனுமதி தரவில்லை என்று ரயில்வே சொல்லிற்று. ஆகச் செத்த பிள்ளைகளுக்கு மத்திய இலாகா மாநில இலாகாவைக் கைகாட்டுகிறது. கைகாட்டுவதற்குக் கேட் கீப்பருக்கு மட்டும் கீழே ஆள் இல்லை.

2024 ஜூன் 17-ந் தேதி வங்காளத்தில் ரங்காபானிக்கு அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் கூட்ஸ் வண்டி மோதிற்று. சில மணி நேரத்துக்குள் ரயில்வே போர்டு கூட்ஸ் டிரைவர் மேல் குற்றம் சொல்லிற்று. அந்த டிரைவரோ விபத்திலேயே செத்துப் போனவர். எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் அல்லவா? பிறகு கமிஷனருடைய விசாரணையில் என்ன வெளிவந்தது? அன்று காலை முதல் தானியங்கிச் சிக்னல் பழுதாகி இருந்தது, சிவப்பைத் தாண்டிப் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், என்ன வேகத்தில் போக வேண்டும் என்பது அந்தச் சீட்டில் தெளிவாக இல்லை, அதே சீட்டோடு போன மற்ற டிரைவர்களும் ஆளுக்கு ஒரு விதமாக ஓட்டிப் போனார்கள், பல மட்டத்திலும் தவறு நடந்திருக்கிறது என்று வெளிவந்தது. செத்தவன் மேல் போட்ட பழியை எடுக்கச் சர்க்கார் காட்டிய வேகத்தை, போடக் காட்டிய வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2025 பிப்ரவரி 15-ந் தேதி புதுடில்லி ஸ்டேஷனில் கும்பமேளாவுக்குப் போகிற கூட்டத்தில் 18 பேர் நசுங்கிச் செத்தார்கள். கும்பமேளாவில் முழுகினால் மோக்ஷம் என்று ஜனங்களை நம்ப வைத்தது மதம். வாருங்கள், வாருங்கள் என்று விளம்பரம் செய்து, ஸ்பெஷல் வண்டி விட்டு, டிக்கெட்டும் விற்றது சர்க்கார். ஒரு மேடையில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டியவர்களும் அவர்களே. கடைசியில் பார்லிமெண்டில் சொன்ன காரணம் என்ன? ஒரு பிரயாணியின் பெரிய தலைச்சுமை படியில் விழுந்ததுதான் காரணமாம்! கேட் கீப்பரும் இல்லை, டிரைவரும் இல்லை என்றால் மூட்டையாவது குற்றவாளி ஆக வேண்டும், மந்திரி மட்டும் ஆகக் கூடாது.

ராஜிநாமா போதுமா?

அப்படியானால் மந்திரி ராஜிநாமா செய்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். 1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி நம் அரியலூரில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அரித்துத் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து 140 பேருக்கு மேல் மாண்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் பாலம் இடிந்து 112 பேர் செத்திருந்தார்கள். அப்போதே ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜிநாமாக் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார், ஏற்கப்பட்டது. 1999-ல் கைசால் விபத்துக்குப் பிறகு நிதீஷ்குமாரும் ராஜிநாமாச் செய்தார்.

அவர்களுக்கு மானம் இருந்தது. அதை நாம் மதிக்கிறோம். 290 பேர் செத்தும் நாற்காலியை விட்டு எழுந்திராதவர்களோடு பார்த்தால் அது பெரிய குணம்தான். ஆனால் மந்திரியின் ராஜிநாமாவைப் பிராயச்சித்தம் மாதிரி ஆக்கிவிடக் கூடாது. பிராயச்சித்தம் என்பது என்ன? பாபம் செய்தவன் ஒரு முழுக்குப் போட்டால் பாபம் போய்விட்டது என்பது. மந்திரி போனதும் ஜனங்கள் கோபம் தணிந்து போகிறது, கம்பியும் கேட்டும் பாலமும் அப்படியே இருக்கின்றன. மந்திரி போவதோடு, பாலத்தின் அடியை வெள்ள காலத்தில் இனி யார், எத்தனை மணிக்கு ஒரு தடவை பார்ப்பது என்பதும் தீர்மானமாக வேண்டும். அப்படித் தீர்மானித்ததும், தீர்மானித்தபடி நடந்ததும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். இதற்குத்தான் பொறுப்பு என்று பெயர்.

பணம் இல்லையா?

மூன்றாவதாகச் சொல்லும் சமாதானம் பணம் இல்லை என்பது. இதையும் பார்த்துவிடுவோம். 2017-ல் ரயில் பாதுகாப்புக்கென்று 5 வருஷத்தில் 1 லட்சம் கோடி ரூபாய் செலவழிக்க ஒரு தனி நிதி ஏற்படுத்தினார்கள். அதில் வருஷத்துக்கு 5,000 கோடி ரயில்வே தன் சொந்த வருமானத்திலிருந்து போட வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2022-ல் பார்லிமெண்டில் வைத்த அறிக்கையைப் பாருங்கள். 4 வருஷத்தில் போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி போடவில்லை. போட்ட நிதியிலும் அவசரமில்லாத வேலைகளுக்குப் போன பங்கு வருஷத்துக்கு வருஷம் கூடியிருக்கிறது. தடம் புதுப்பிக்க ஒதுக்கிய பணம் 2018-19-ல் 9,607 கோடி, அடுத்த வருஷம் 7,417 கோடி. அந்த 4 வருஷத்தில் நடந்த பெரிய விபத்துகள் 217. அவற்றில் 163 தடம் புரண்டவை. தடத்தைச் சோதிக்கும் வண்டி ஓட வேண்டிய அளவு ஓடவில்லை என்றும் அதே அறிக்கை சொல்லுகிறது. இதைச் சொன்னது எதிர்க்கட்சி அல்ல, சர்க்காருடைய சொந்தக் கணக்குப்பிள்ளை!

வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் தானே நிறுத்துகிற கவச் என்கிற யந்திரம் நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. 2023-ல் ஏறத்தாழ 68,000 கிலோ மீட்டர் பாதையில் 1,465 கிலோ மீட்டரில்தான் அது இருந்தது. அது இருந்தாலும் பாலசோர் விபத்து தப்பியிருக்காது என்று ரயில்வே சொல்லிற்று. சரி, அப்படியே வைத்துக்கொள்ளுவோம். அதனால் மற்ற மோதல்களும் தப்ப வேண்டாமா?

இதில் ஏழைகள் சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு என்கிற பெயரை 1974-ல் எடுத்துவிட்டார்கள். பெயர்தான் போயிற்று, வகுப்பு போகவில்லை. ரிஸர்வ் செய்யாத பெட்டிகளை வழக்கமாக எங்கே கோக்கிறார்கள் என்று பாருங்கள். என்ஜினை ஒட்டி முன்னாலும், கடைசியாகப் பின்னாலும். முன்னால் மோதினாலும் பின்னால் மோதினாலும் முதல் அடி அவர்களுக்கு! அவர்கள் டிக்கெட்டில் பெயரும் இல்லை. பாலசோரில் செத்தவர்களில் 28 பேருடைய உடலை உரிமை கோர ஒருவரும் வராமல், 4 மாதம் புவனேஸ்வரத்தில் வைத்திருந்து 2023 அக்டோபரில் சர்க்காரே எரித்தது. கூலி வேலைக்குத் தெற்கே வருகிறவனுடைய உயிருக்கு இந்த நாட்டில் பெயர்கூடக் கிடையாது.

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள்?

1889-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி அயர்லாந்தில் அர்மா என்ற ஊரில், வேதபாடப் பள்ளிக் குழந்தைகள் கடற்கரைக்குப் போன வண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டியைப் பிரித்தார்கள், பின்பெட்டிகள் தானாகப் பிடிக்கும் பிரேக் இல்லாமல் பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த வண்டியில் மோதி 80 பேர் செத்தார்கள். வேதம் படித்த குழந்தைகளையும் வேதம் காப்பாற்றவில்லை. தானியங்கி பிரேக் வைக்க வேண்டும் என்று சர்க்கார் இன்ஸ்பெக்டர்கள் பல வருஷமாகச் சொல்லியும், செலவு ஆகும் என்று கம்பெனிகள் தட்டி வந்திருந்தன. ஆனால் அந்த ஜனங்கள் "கர்த்தர் சித்தம்" என்று சொல்லிப் போய்விடவில்லை. அதே வருஷத்தில் பார்லிமெண்டில் சட்டம் வந்தது. தானியங்கி பிரேக், ஒரு பகுதியில் ஒரே வண்டி, சிக்னலுக்கும் பாதை முனைக்கும் பூட்டு ஆகிய மூன்றும் கட்டாயம் ஆயின.

2023 பிப்ரவரி 28-ந் தேதி கிரேக்க நாட்டில் டெம்பி என்னுமிடத்தில் பிரயாணி வண்டியும் கூட்ஸும் நேருக்கு நேர் மோதி 57 பேர் இறந்தார்கள். அங்கும் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரைப் பிடித்தார்கள், மந்திரி ராஜிநாமாவும் செய்தார். ஜனங்கள் அதோடு விடவில்லை. சிக்னலைச் சீர்படுத்த 2014-ல் போட்ட காண்ட்ராக்ட் ஏன் முடியவில்லை என்று கேட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2025-ல் அதே நாளில் நாடு முழுவதும் வேலை நிறுத்தம் செய்து தெருவில் வந்து நின்று மறுபடியும் கேட்டார்கள். நாமோ இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிறோம்.

நாம் கேட்க வேண்டியது

கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படாதீர்கள். இதே ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறு இடம் என்று இருந்தது. எல்லோர் காசிலும் ஓடுகிற ரயிலில் இது என்ன அநியாயம் என்று நம் இயக்கம் கேட்டது. சனாதன தர்மம் கெட்டுவிடும் என்று கூச்சல் போட்டார்கள். 1941-ல் அது எடுபட்டது. ஆயிரம் வருஷத்து வழக்கத்தையே கேட்டு மாற்ற முடிந்தது என்றால், ஒரு கேட்டுக்குப் பூட்டுப் போட வைக்க முடியாதா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ரயிலை ஓட்டுகிறவர், விதி செய்கிறவர், அந்த விதி நடக்கிறதா என்று பார்க்கிறவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருப்பது தகாது. திருடனும் போலீசும் நீதிபதியும் ஒருவனே என்பது போன்றது அது. 2012-ல் விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையில் இருந்த கமிட்டி இதையேதான் சொல்லி, ரயில்வே போர்டுக்குக் கட்டுப்படாத தனிப் பாதுகாப்பு அதிகாரத்தைச் சட்டத்தால் ஏற்படுத்தச் சொல்லிற்று. இன்றுள்ள பாதுகாப்புக் கமிஷனர் விமான இலாகாவின் கீழ் இருந்து அறிக்கை எழுதலாம், ஆனால் அதை நடத்தி வைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடு என்பது முதல் கேள்வி. ஒவ்வொரு விபத்தின் அறிக்கையையும் அந்தந்த ஊர்ப் பாஷையில் அச்சிட்டு வெளியிடு, அதில் சொன்ன திருத்தம் எந்தத் தேதிக்குள் நடக்கும் என்று சொல்லு என்பது இரண்டாவது. பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய பணத்தின் கணக்கை வருஷா வருஷம் சொல்லு என்பது மூன்றாவது. இண்டர்லாக்கிங் இல்லாத கேட்டுகளை எல்லாம் பூட்டிப் பிணை என்பது நான்காவது. ரிஸர்வ் செய்யாத பிரயாணிக்கும் வண்டியில் போதிய இடமும் உயிருக்கு உத்தரவாதமும் கொடு என்பது ஐந்தாவது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? உங்கள் ஊர்ப் பக்கத்துக் கேட்டில் இண்டர்லாக்கிங் இருக்கிறதா என்று முதலில் நீங்களே போய்ப் பாருங்கள். இல்லை என்றால் ரயில்வேக்கு மனுப் போட்டு, நகலைப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பார்லிமெண்டு மெம்பர் ஓட்டுக்கு வந்தால், கோவில் திருப்பணிக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்காமல், நம் பிள்ளைகள் கடக்கிற கேட்டைப் பற்றிப் பார்லிமெண்டில் எத்தனை தடவை பேசினீர்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வருகிற வரையில் கேளுங்கள்.

நஷ்டஈடு என்று பணம் கொடுக்கிறார்கள். குடும்பத்துக்கு அது வேண்டியதுதான், வாங்கிக் கொள்ளுங்கள். ஆனால் அதை வாங்கிக் கொண்டதற்காக வாயை மூடிக் கொள்ளாதீர்கள். அது பிணத்துக்கு விலை அல்ல, நாம் கொடுத்த வரிப்பணத்தில் ஒரு பங்கு. நேற்றுச் செத்தவன் ஏன் செத்தான் என்று இன்றைக்கு நாம் கேட்டால்தான், நாளைக்கு அதே வண்டியில் ஏறுகிறவன் உயிரோடு இறங்குவான். ஆகையால், தோழர்களே, விதி என்கிற சொல்லை இந்தக் கூட்டத்தோடு விட்டுவிட்டு, யார் பொறுப்பு என்று கேட்கப் பழகிக் கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.